விபத்துப் புகாரில் தவறு இருந்தால் எப்படித் திருத்துவது?

"சாயா லங்கார்" என்றால் நான் மோதினேன். "சாயா டிலங்கார்" என்றால் என்மீது மோதினார்கள். இரண்டுக்கும் இடையில் இருப்பது 'டி' என்ற ஓர் எழுத்துதான். விபத்துப் புகாரில் அது விடுபட்டுப் போனால், அடிபட்டவரே மோதியவர் ஆகிவிடுவார்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேராக்கில் ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் என் தாய்மாமாவுக்கு இப்படித்தான் நடந்தது. விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது, பெரிய சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்த அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால், இடப்பக்கச் சந்திப்பிலிருந்து ஒரு கார் நுழைந்துவிட்டது. தோள் எலும்பு முறிந்தது. மருத்துவமனையை விட்டு வந்த கையோடு, வலி மாத்திரை மயக்கம் தெளியாத நிலையில் புகார் கொடுக்கப் போனார். தெரிந்த பாசார் மலாயில் "டாரி சிம்பாங்" என்று ஏதோ சொன்னார். சந்திப்பைக் கடந்து வந்தேன் என்பது அவர் சொல்ல நினைத்தது. கணினியில் ஏறியதோ "கெலுவார் டாரி சிம்பாங்", அதாவது சந்திப்பிலிருந்து வெளியே வந்தேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்து சம்மன் அவர் பெயருக்கே வந்தது.

மூன்று வேறு தாள்கள்

"போலீஸ் ரிப்போர்ட் தப்பாயிருக்கு" என்று நம்மவர்கள் சொல்லும்போது, மூன்று வேறு வேறு தாள்களில் ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள். ஒன்று, நாம் கொடுத்த புகார். இரண்டு, எதிர்த்தரப்பு ஓட்டுநர் கொடுத்த புகார். மூன்று, இரண்டையும் படித்து, விபத்து இடத்தையும் பார்த்து விசாரணை அதிகாரி எடுத்த முடிவு. தவறு எந்தத் தாளில் என்று தெரியாமல் காவல் நிலையத்திற்கு நடந்தால் அலைச்சல்தான் மிஞ்சும். முதல் தாளை நாமே சரிசெய்யலாம். இரண்டாவதில் நம்மால் கை வைக்க முடியாது. மூன்றாவதை எழுத்து மூலம் எதிர்க்கலாம், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

நம் புகாரில் தவறு

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் ஓட்டுநர் புகார் கொடுக்க வேண்டும். இந்த அவசரத்தில்தான் பல தவறுகள் நேர்கின்றன. படுக்கையில் இருப்பவர், எழுந்து போக முடிந்தவுடன் தாமதத்திற்கான காரணத்தையும் மருத்துவமனைக் கடிதத்தையும் காட்டிப் புகார் செய்யலாம். அதற்குள் குடும்பத்தார் யாராவது ஒரு புகார் கொடுத்து வைப்பது நல்லதே. ஆனால் விபத்து நடந்தது, இன்னார் இந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நேரில் பார்க்காத மகன், பார்த்ததுபோல் விவரம் சொல்லி, பிறகு அப்பா வேறு விதமாகச் சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

பதிவான புகாரை யாராலும் அழிக்கவோ மாற்றி எழுதவோ முடியாது. "அதை கேன்சல் பண்ணிடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. செய்ய வேண்டியது இரண்டாவது புகார். அதே காவல் நிலையத்தில், முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு, எந்த வரி தவறு, சரியான விவரம் என்ன, தவறு எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் போதும்: "சாயா மெருஜுக் கெபாடா லாப்போரான் நொம்போர் இத்து. பெர்க்காத்தாஆன் 'கெலுவார் டாரி சிம்பாங்' அடாலா திடாக் பெத்துல். யாங் செபெனார்ஞா, சாயா ஜாலான் தெருஸ் டி ஜாலான் பெசார்." குறிப்பிட்ட எண் கொண்ட என் புகாரில் சந்திப்பிலிருந்து வெளியே வந்ததாக இருப்பது சரியல்ல, உண்மையில் நான் பெரிய சாலையில் நேராகப் போனேன் என்பது பொருள்.

தவறு கண்ணில் பட்ட அன்றைக்கே இதைச் செய்யுங்கள். நான்கு நாளில் வரும் திருத்தத்திற்கும், சம்மன் வந்த பிறகு வரும் திருத்தத்திற்கும் ஒரே மதிப்பு கிடைக்காது. பின்னதை, யோசித்துச் சேர்த்த கதை என்று சொல்லிவிடுவார்கள். திருத்துகிறேன் என்று நடக்காததைச் சேர்ப்பதும் ஆபத்து. தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182ஆவது பிரிவில் குற்றம்.

இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், கையெழுத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வாய்மொழியாகக் கொடுக்கும் புகாரை எழுதியவுடன், கொடுத்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்கிறது. "தோலோங் பாச்சா பாலேக்" என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மலாய் தடுமாறினால், நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கூட்டிப் போங்கள்.

படிக்கும்போது கவனிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. "தாக் பெராசான்" (கவனிக்கவில்லை) என்று பேச்சுவாக்கில் சொல்வோம். தாளில் ஏறினால் அது கவனமின்மையை ஒப்புக்கொண்டதாகிவிடும். "தாக் செம்பாட் பிரேக்" (பிரேக் போட நேரமில்லை) என்பதை, வேகமாக வந்தார் அல்லது முன்வண்டியை ஒட்டி வந்தார் என்று படிப்பார்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனீர்கள், எந்தத் தடம், விளக்கு என்ன நிறம், மணி என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வண்டி இழுக்க வந்தவரோ பட்டறைக்காரரோ கூடவே வந்து "நான் சொல்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பதையும் பார்க்கிறோம். உதவிக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் விவரத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். விபத்தின்போது அவர் அங்கே இல்லை.

எதிர்த்தரப்பின் புகார் பொய்யாக இருந்தால்

அதை மறுத்துச் சூடாக இன்னொரு புகார் எழுதுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது பெரும்பாலும் வீண். நம் புகார் தெளிவாக இருந்தால் மறுப்பு அதிலேயே இருக்கிறது. விசாரணை அதிகாரிக்குத் தேவை ஆதாரம். பெட்ரோல் நிலையம், கடை ஆகியவற்றின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாளிலேயே அழிந்து புதுப்பதிவு ஏறிவிடும். ஆகவே முதல் வேலையாக அங்கே போய்க் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், கேமரா இருக்கும் இடத்தை அதிகாரியிடம் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கி வையுங்கள்.

வண்டியை உடனே பழுதுபார்த்து விடாதீர்கள். மாமா விஷயத்தில் கை கொடுத்தது அதுதான். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் நொறுங்கியிருந்தது, பக்கவாட்டில் கீறல்கூட இல்லை. காரில் அடி விழுந்திருந்தது வலப்பக்க முன் மட்கார்டில். அவர் சந்திப்பிலிருந்து வெளியே வந்து, கார் பெரிய சாலையில் நேராக வந்திருந்தால், காரின் முகப்பும் மோட்டார் சைக்கிளின் பக்கமும் அல்லவா அடிபட்டிருக்கும்? பழைய இரும்புக்குப் போட இருந்த வண்டியை, அத்தை தடுத்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

அதிகாரி உங்களை அழைத்து வாக்குமூலம் எடுக்கும்போது இவற்றையெல்லாம் கொடுங்கள். 112ஆவது பிரிவின்கீழ் எடுக்கும் வாக்குமூலத்தை, நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக்காட்டி, திருத்தம் சொல்ல வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் புகாரில் கோட்டை விட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

அதிகாரியின் முடிவு தவறென்றால்

விபத்து இடத்தின் வரைபடம் (ராஜா காசார்), அதன் குறிப்புகள், புகைப்படங்கள், எதிர்த்தரப்புப் புகார் ஆகியவற்றின் நகலை மாவட்டப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். முதலில் அதை வாங்குங்கள். படத்தில் சாலைக்கோடுகள், உடைந்த கண்ணாடி கிடந்த இடம், பிரேக் தடம், வண்டிகள் நின்ற இடம் சரியாக உள்ளனவா என்று பார்த்து, தவறாக இருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவட்டப் போலீஸ் தலைவருக்கும் அங்குள்ள போக்குவரத்துப் பிரிவுத் தலைவருக்கும் மறுபரிசீலனை கேட்டு ஒரு பக்கக் கடிதம், ஆதாரங்களின் நகலோடு. கடிதம் பெற்றதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள். பதில் இல்லையென்றால் மாநிலப் போலீஸ் தலைமையகம், அடுத்து புக்கிட் அமான் சாலைப் போக்குவரத்து விசாரணை, அமலாக்கத் துறை. 2023 ஜூலையிலிருந்து இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் அதிகாரியின் ஒழுங்கீனத்தைத்தான் விசாரிக்கும். யார் மோதினார் என்பதை அது தீர்மானிக்காது.

சாதாரண விபத்துகளில் தவறு செய்தவராகக் கருதப்படுபவருக்கு, 1959ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளின் 10ஆவது விதியின்கீழ் 300 ரிங்கிட் அபராத சம்மன் வரும். "முந்நூறு வெள்ளிதானே, கட்டித் தொலைப்போம்" என்று கட்டிவிடுகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. காப்புறுதி நிறுவனங்களின் கண்ணில், கட்டியவர் தவறு செய்தவர். காருக்குப் படிப்படியாக 55 விழுக்காடு வரை ஏறியிருந்த என்.சி.டி. கழிவு பூஜ்யத்திற்கு இறங்கலாம். நம்மில் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கிறோம். பழுதுச் செலவை எதிர்த்தரப்பின் காப்புறுதியிடம்தான் கேட்க முடியும், அவர்களோ போலீஸ் முடிவைக் காட்டிக் கையை விரிப்பார்கள். தவறு உங்களுடையது அல்ல என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மறுபரிசீலனை நிராகரிக்கப்பட்டாலும், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து விசாரணை கோரலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. யார் மீது தவறு என்ற அதிகாரியின் கருத்து, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி ஆதாரங்களைத் தாமே எடைபோட்டு, 70க்கு 30 என்பதுபோல் இரு தரப்புக்கும் பொறுப்பைப் பிரித்தும் தீர்ப்பளிக்கலாம். ஆகவே சம்மன் வந்ததாலேயே வழக்கு போடும் உரிமை போய்விடாது.

சொக்சோவும் இதே தாளைத்தான் பார்க்கும்

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால், யார் தவறு செய்தாலும் சொக்சோவிடம் கோரலாம். அங்கேயும் போலீஸ் புகார் கேட்பார்கள். நேரமும் சாலையின் பெயரும் தவறாக இருந்தால், வழக்கமான பாதையில் போனாரா என்ற கேள்வி வரும். வேலைக்குப் போகும் வழியில் என்ற ஒரு வரி புகாரில் இருக்கட்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். வருமான வரம்பு உண்டு. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து நிற்கும் முகவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். காப்புறுதி நிறுவனத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியிலிருந்து எஃப்.எம்.ஓ.எஸ். என்ற பெயரில் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். உடல் காயத்திற்கான இழப்பீடு அதன் வரம்பில் இல்லை, அதற்கு நீதிமன்றம்தான்.

காயம், வாகனச் சேதம் ஆகியவற்றுக்கான வழக்கைப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். உயிரிழப்பு என்றால், குடும்பத்தார் கோரும் இழப்பீட்டுக்கு மூன்று ஆண்டுகள். எதிர் வாகனம் அரசாங்கத்துடையது என்றாலும் 36 மாதங்கள்தான்.

மாமாவின் சம்மன் ஐந்து மாதம் கழித்து ரத்தானது. இரண்டாவது புகாரும் வண்டியின் புகைப்படங்களும் இருந்ததால், அதிகாரி அவரை மீண்டும் அழைத்து வாக்குமூலம் எடுத்தார். தோளுக்கான இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. மோட்டார் சைக்கிள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறது. வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.