மேட்டூர் அளவும் நாகப்பட்டினத்து ஓதமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் ஈசிஇ மூன்றாம் வருஷம். "அப்புச்சி, ஃபூரியர்னு ஒருத்தர் என் உயிரை எடுக்கறாருங்க. போன செமஸ்டர்லயே அரியர்" என்றாள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவன். அவள் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிக்மா. ஒரு வரி மட்டும் பிடிபட்டது. தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு அளந்து எழுதினால் கிடைக்கும் எண்வரிசைக்குத்தான் டிஸ்கிரீட் டைம் சிக்னல் என்று பெயராம்.

அட, இது எங்கப்பா எழுதின நோட்டு!

பரமத்தி வேலூர் பக்கம் ராஜவாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மேட்டூர் நிலவரம்தான் எங்கள் வீட்டு நிலவரம். பேப்பரில் வரும் அணை நீர்மட்டத்தை அப்பா தினமும் நோட்டில் குறித்து வைப்பார். முழுக் கொள்ளளவு 120 அடி. நாளைக்கு ஒரே ஒரு எண். ஞாயிறுதோறும் ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து ஓரத்தில் எழுதுவார். "ஒரு நாள் குதிச்சா நம்பாதே, வாரக் கணக்கப் பாரு" என்பார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, இது ஃபில்டருங்க!" என்று கத்திவிட்டாள். எண்வரிசை ஒன்று உள்ளே போய், வேறொன்றாக வெளியே வந்தால் அதற்கு சிஸ்டம் என்று பெயராம். நாலாவது படித்த மனுசன் என் அப்பா.

ஃபூரியர் 1768-இல் பிரான்சில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். தான் படித்த பள்ளியிலேயே வாத்தியார் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். எப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தையும் சீராக ஏறி இறங்கும் பல அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1807-இல் சொன்னார். லக்ராஞ்சு போன்ற பெரியவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. 1822-இல்தான் அது புத்தகமாக வந்தது.

இனி நம்ம கரைக்கு வருவோம். ஃபூரியரின் யோசனையைக் கடல் ஓதத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1860களில் வில்லியம் தாம்சன் (பிறகு கெல்வின் பிரபு) வழி காட்டினார். இந்தியாவில் நில அளவைத் துறையின் கேப்டன் பெயர்டு அந்த வேலையை எடுத்து நடத்தினார். பாம்பன், சென்னை, நாகப்பட்டினம் என்று துறைமுகங்களில் ஓதமானி வைத்தார்கள். அது காகிதத்தில் இழுத்த கோட்டிலிருந்து மணிக்கு ஒரு எண் வீதம் எடுத்தார்கள். வருஷத்துக்கு 8,760 எண்கள். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு.

அதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. சூரியனால் வரும் ஓதம் 12 மணிக்கு ஒரு தரம். சந்திரனால் வருவது ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு தரம். வருஷம் முழுக்க ஒரு மணி அளவுகளை ஒரு பக்கம், இரண்டு மணி அளவுகளை ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் சூரியனின் பங்கு நிற்கும். சந்திரனுடையது ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று தானே அடிபட்டுப் போகும். அதே எண்களைச் சந்திர நாளின் மணிப்படி, அதாவது 24 மணி 50 நிமிஷக் கணக்கில் அடுக்கினால் சந்திரன் நிற்கும், சூரியன் போய்விடும். பேத்தியின் சிக்மா செய்கிற வேலை இதுதான். இப்படிப் பிரித்த அலைகளைத் திரும்பக் கூட்ட, எட்வர்டு ராபர்ட்ஸ் 1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே லண்டனில் கப்பிகளும் கம்பியுமாக ஒரு எந்திரம் அமைத்தார். அலைக்கு ஒரு கப்பி. வருங்கால ஓத அட்டவணை அதிலிருந்து வந்தது.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 90களில் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். லீவுக்கு நாகப்பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்து, "சார், தினமும் காலைல எட்டு மணிக்குத்தான் பார்த்தேன். ஒரு வாரத்துல தண்ணி ரெண்டு படி இறங்கிடுச்சு. அப்புறம் ஏற ஆரம்பிச்சுது. ஏன் சார்?" என்று கேட்டாள். "கடல்னா அப்படித்தான் இருக்கும், உட்காரு" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பதில் பேத்தியின் புத்தகத்தில் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் சூரிய ஓதம் அசையாமல் நிற்கும். சந்திர ஓதம் நாளுக்கு 50 நிமிஷம் பின்தங்குவதால், அரை நாளில் ஏறி இறங்குவது ஏறக்குறைய 15 நாளில் ஏறி இறங்குவதுபோல வேஷம் போடும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிற மாதிரி. இதற்கு அலையாஸிங் என்று பெயர். அந்தப் பெண் கண்ணால் கண்டு கேட்டது அதுதான். இதைப் படிக்கிறாய் என்றால், தாமதமாக வந்த பதிலை ஏற்றுக்கொள் கண்ணு.

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் பூகம்பம். நாகப்பட்டினம், சென்னை ஓதமானிகளில் சுனாமி பதிவாகியிருக்கிறது. வழக்கமான ஓதத்தைக் கழித்தால் மீதி நிற்பது சுனாமி. அந்தப் பதிவு இருந்தும் 2004 டிசம்பர் 26 காலையில் நமக்கு எச்சரிக்கை மணி இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக்கு நம்ம பக்கத்திலிருந்து வேன் கட்டிக்கொண்டு போனவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 2007-இல்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. அங்கேயும் அடிப்படை அந்தக் கழித்தல் கணக்குதான்.

இப்போது கணக்கு நொடியில் முடிகிறது. 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் கொடுத்த குறுக்குவழி அது. 1,024 எண்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்க வேண்டியது பத்தாயிரம் அளவுக்கு வந்துவிடுகிறது. காஸ் 1805 வாக்கிலேயே இதைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தாராம். அவர் நோட்டும் அப்படியே கிடந்திருக்கிறது.

பேத்தி அப்பாவின் நோட்டை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். 1983 ஆடி முதல் ஐப்பசி வரை பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்த நாலு மாத மேட்டூர் அளவு யார் வீட்டுப் பழைய நோட்டிலாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை.