செங்காந்தள்

மழைக்காலத்தில் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி வேலியிலும் புதரிலும் ஏறும் கொடி. தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகள் முதல் இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வரை இயற்கையாக வளர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர். நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இன்று கோல்ச்சிகேசியே என்னும் தனிக்குடும்பத்தில் அடங்கும். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று வட்டாரத்துக்கொரு பெயர் உண்டு. இரண்டாகக் கிளைத்துக் கலப்பைபோல் வளைந்திருக்கும் கிழங்கைப் பார்த்தவருக்கு நடுப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்தின் மலர், முருகனுக்குரியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களில் முதலாவது இதுவே. வேலன் ஆடும் வெறியாட்டைத் தொல்காப்பியம் காந்தள் என்ற பெயரிலேயே ஒரு துறையாக்குகிறது. இதழை மகளிர் விரலோடும் பாம்பின் படத்தோடும் ஒப்பிட்ட பாடல்கள் பல. அவற்றைவிடக் குறுந்தொகையின் 361ஆம் பாடல் இக்கொடியின் வரலாற்றுக்கு அதிகம் உதவும். தலைவன் மலையிலிருந்து ஆற்றுநீரில் அடித்து வந்த காந்தளை, இலை துவளுமளவு தழுவி, வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள் தலைவி. தாய் தடுக்கவில்லை. காட்டுக்கொடியை வீட்டில் நட்ட பழைய செய்திகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

மருத்துவர்களுக்குப் பூவைவிடக் கிழங்கே பெரிது. சித்தமும் ஆயுர்வேதமும் இதை நஞ்சென்று அறிந்தே, கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்து பயன்படுத்தின. பேறுகாலத்தில் வலி எடுக்கக் கிழங்கை அரைத்து உள்ளங்கை, உள்ளங்காலில் பூசும் வழக்கம் இருந்தது. சுத்தி செய்யாத கிழங்கைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். இலங்கையின் மருத்துவப் பதிவுகளில் இத்தகைய சாவுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

ஐரோப்பியருக்கு இக்கொடியை அறிமுகப்படுத்திய நூல்களுள் வான் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ முதன்மையானது. மலையாளப் பெயரான மேந்தோன்னியையே அது வழங்கியது. அதிலிருந்து மெத்தோனிக்கா என்ற பேரினப் பெயரும் பிறந்தது. 1753இல் லின்னேயஸ் சூட்டிய இன்றைய பெயர் அதை ஓரங்கட்டிவிட்டது.

நஞ்சு எதுவென்பது 1915இல் தெளிவானது. கிளூவர், கிரீன், டுட்டின் ஆகிய மூவரும் கிழங்கில் கோல்ச்சிசின் இருப்பதைக் காட்டினர். மத்தியதரைக்கடல் நாடுகளில் கீல்வாதத்துக்குக் கொடுக்கப்பட்டுவந்த கோல்ச்சிகம் செடியில் 1820இலேயே கண்டறியப்பட்ட பொருள் அது. செல் பிரிவை இடைமறித்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் அதன் ஆற்றல் 1937இல் வெளியானபின், பயிர் இன ஆய்வுக்கூடங்களுக்கும் அது தேவைப்பட்டது. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் கூடுதல் என்று தெரிந்ததும் வணிகம் விதைப்பக்கம் திரும்பியது.

இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், மார்க்கம்பட்டி வட்டாரங்களிலும் வேதாரண்யத்திலும் இது பணப்பயிர். கிளுவைக் கால்களிலோ கம்பிப் பந்தலிலோ கொடியை ஏற்றுகிறார்கள். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து சில நாட்களில் முழுச் சிவப்பாகின்றன. சூலகத் தண்டோ சூற்பையின் அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கிப் பக்கவாட்டில் நீள்கிறது, மகரந்தப்பைகளுக்கு எட்டாது. சொந்த மகரந்தம் தானாக அதில் விழுவது அரிது. வயலில் வண்டையும் தேன்சிட்டையும் நம்பியிருந்தால் காய் போதாது. ஆகவே காலை வேளையில் வரிசை வரிசையாக நடந்து, பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைக்கிறார்கள். இந்தப் பயிரில் கூலியைத் தின்பது இந்த வேலைதான். காய் முற்றி வெடிக்கும்போது தெரியும் செந்நிற விதைகளை உலர்த்தி ஏற்றுமதிக்கு அனுப்புகின்றனர். விலை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களின் தேவையைப் பொறுத்தது. ஓராண்டு விலையை நம்பி அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதுண்டு.

அரசியல் சின்னமாகவும் இம்மலர் வளர்ந்துள்ளது. ஈழத்தமிழர் நவம்பர் 27 மாவீரர் நாளில் கார்த்திகைப்பூவை அணிகிறார்கள். சிம்பாப்வேக்கும் இதுவே தேசிய மலர்; 1947இல் அங்கு சென்ற இளவரசி எலிசபெத்துக்கு இம்மலர் வடிவில் வைர அணியூசி பரிசளிக்கப்பட்டது.

விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். உழவர் அதுவரை காத்திருக்க முடியாது. 50, 60 கிராம் எடையுள்ள கிழங்கைத் தேடுவார். சாகுபடி பரவிய காலத்தில் அந்தக் கிழங்குகள் பெரும்பாலும் காட்டிலிருந்தும் கடலோரப் புதர்களிலிருந்தும் தோண்டப்பட்டவை. தோட்டங்களில் கொடி பெருகப் பெருக இயற்கையான இடங்களில் அது குறைந்ததற்கு இது முக்கியக் காரணம்.