நாஞ்சில் ஏடுகள் - 14: தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு சாலை

நமக்குக் கல்லூரி என்றால் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்பும் இடம். பல்கலைக்கழகம் எங்கோ இருந்து பரீட்சை வைத்துப் பட்டம் தரும். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டனைப் பார்த்துச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 1893-ல் கல்லூரியான நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆக்ஸ்போர்டில் கதை வேறு. பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. ஆனால் மாணவனைச் சேர்ப்பதும், தங்கவைப்பதும், சோறு போடுவதும், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதும் கல்லூரி. 1264-ல் வால்டர் டி மெர்ட்டன் தம் நிலங்களை எழுதிவைத்து, விதிகளும் வகுத்து மெர்ட்டன் கல்லூரியை நிறுவினார். முதலில் அவர் மனதில் இருந்தவர்கள் சொந்த மருமக்கள்தாம்!

இதற்கு இணையாக நம்மூரில் ஒன்றைத் தேடினால் ஸ்காட்டுக்குப் போகக்கூடாது. முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரத்துக்குப் போகவேண்டும். (பழைய நாஞ்சில் நாட்டு எல்லைக்கு மேற்கே, விளவங்கோட்டுப் பக்கம் அது. எல்லைக்கோட்டில் கறாரானவர்கள் மன்னிக்க.) ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறை சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து அந்த இடத்தை வாங்கி, பெருமாள் கோயில் எழுப்பி, கூடவே ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் இங்கே தெருவல்ல, உண்டு தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். ஹஜூர் கச்சேரிச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. கலி நாளைக் கணக்கிட்டே எழுதியிருப்பதால் ஆண்டில் குழப்பமில்லை: கி.பி. 866. மெர்ட்டனுக்கு ஏறக்குறைய நானூறு வருஷம் முந்தி.

சாலையில் இடம் 95 பேருக்கு. சட்டர் என்று அவர்களுக்குப் பெயர். பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என்று வேதக் கிளைவாரியாகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். வேதம் தெரிந்தால் மட்டும் போதாது. இலக்கணப் பயிற்சியும் மூன்று ராஜ்ஜியங்களின் வழக்குமுறை பற்றிய அறிவும் வேண்டும். புரோகிதம் மட்டுமே கற்பவனுக்கு ராஜ்ஜிய வழக்கு எதற்கு? அரண்மனைக்கு ஆள் தயாரித்த இடம் என்றுதான் எனக்குப் படுகிறது. சாப்பாட்டுச் செலவை நிலத்து வருமானம் பார்த்துக்கொண்டது.

விதிகளைப் படித்தால் அந்த விடுதி கண்முன் வருகிறது. ஒருவரையொருவர் ஏசினால் தண்டம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, உள்ளே வைத்துக்கொள்ளக்கூடாது. நடக்காததையா தடை செய்வார்கள்?

வேதக் கிளைகளுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இங்கே இடமில்லை. மெர்ட்டனிலும் பெண்கள் படிக்க வந்தது 1980-ல்தான்.

பார்த்திவபுரத்துக் கோயில் இன்றும் இருக்கிறது. சாலைதான் இல்லை. அங்கே மெர்ட்டனோ இன்றும் அதே பெயரோடு நடக்கிறது. கொடுத்த நிலம் கல்லூரியின் கையிலேயே தங்கியது ஒரு காரணம். இங்கே நிலமும் சாலையும் அரசர் நிழலில் இருந்தன. ஆய் வம்சம் ஒடுங்கியதும் அந்த நிழலும் போயிற்று.

சாலை நடைமுறைக்கு முன்மாதிரி என்று செப்பேடு காட்டுவது காந்தளூரை. அங்கேதான் ராஜராஜன் ‘கலமறுத்தருளி’யது. மரக்கலமா, உண்கலமா என்று இன்னும் வழக்கு முடியவில்லை. நம் தேரூர்க் கவிமணி அதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். அந்த வழக்கு அடுத்த வாரம்.