சோலைவரியும் நகர வாழ்வும்: யாழ்ப்பாண நகர நிதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டை, கோயில், கல்லூரி ஆகியவற்றைக் கொண்டு எழுதுவதே நம்மிடையே பெருவழக்காகும். தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் நூலகத்துக்கும் பணம் இறுத்தவர் யார், அப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. யாழ்ப்பாண நகரின் சோலைவரியை இவ்விரு வினாக்களின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்பணிக்கென ஆங்கிலேயர் விதித்த தொடக்ககால வரிகள் செல்வரையும் வறியரையும் ஒரே தட்டில் நிறுத்தின. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச்சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவோ, அதற்கீடாகப் பணம் கட்டவோ வேண்டுமென விதித்தது. நிலவுடைமையாளனுக்கும் கூலிக்காரனுக்கும் சுமை ஒன்றே. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தின்கீழ்ச் சபைகள் தோன்றியபோது, ஆளின் தலையை விடுத்து ஆதனத்தின் பெறுமதியை அளவுகோலாகக் கொள்ளும் வரிமுறை நகரங்களில் வேரூன்றியது. யாழ்ப்பாணம் 1906இல் உள்ளூர்ச் சபையையும், 1949இல் மாநகரசபைத் தகுதியையும் பெற்றது.

சோலைவரியின் அடிப்படை 'ஆண்டுப் பெறுமதி' என்னும் கருத்தாகும். ஒரு கட்டடத்துக்கோ காணிக்கோ ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை மதிப்பிட்டு, அதன் ஒரு வீதத்தைச் சபை அறவிடுகின்றது. பெரிய வீட்டுக்குக் கூடிய வரி, சிறு குடிலுக்குக் குறைந்த வரி என்றமையால் தலைவரியிலும் இது நீதியானதே. எனினும் அதன் நடைமுறை வர்க்கச் சார்பற்றதன்று. உடைமையாளர் மீது விழும் வரி வாடகையினூடாகக் குடியிருப்போர் மீது இறக்கப்படுதல் இயல்பு. மேலும், முழுத்தொகையையும் ஜனவரி 31க்கு முன் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. காலாண்டுக்கொருமுறை உரிய காலத்தில் செலுத்துவோர்க்கு நூற்றுக்கு ஐந்தே. கையில் பணமுள்ளவன் குறைவாகவும் நாட்கூலியில் வாழ்பவன் கூடுதலாகவும் இறுக்கும் நிலையை இக்கழிவு தோற்றுவிக்கின்றது.

பயனைப் பற்றியும் இவ்வாறே வினவுதல் தகும். ஆறில்லாத, சுண்ணக்கல் நிலத்தில் அமைந்த இந்நகர் கிணற்று நீரையே நம்பி வளர்ந்தது. ஆதலால் கழிவகற்றலே சபையின் தலையாய பணியாயிற்று. அப்பணியோ சாதியடிப்படையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீதே சுமத்தப்பட்டது. நகரின் தூய்மை வரிப்பணத்தால் மட்டும் ஆயதன்று. அவர்தம் மலிவான உழைப்பாலும் ஆயதென்பது மனங்கொள்ளத்தக்கது. தொடக்ககாலச் சபைகளின் வாக்குரிமை சொத்தும் வருமானமும் உடையோர்க்கே உரியதாயிருந்தமையால், இவ்வுழைப்பாளர் குரல் சபையில் ஒலிக்க வழியிருக்கவில்லை.

கொடைக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு நன்கு புலப்படுத்தும். 1933இல் க. மு. செல்லப்பா தொடங்கிய தனிமனித முயற்சி, 1935இல் நகரின் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. 1959இல் திறக்கப்பட்ட கட்டடத்துக்கு நன்கொடைகளும் களியாட்ட விழா வருவாயும் கைகொடுத்தன. ஆனால் நூலகரின் சம்பளம், மின்கட்டணம், நாளாந்தப் பத்திரிகை ஆகிய செலவுகள் விழாக்களால் தீர்வன அல்ல. கொடை கட்டடத்தை எழுப்பலாம். ஆண்டுதோறும் தவறாது வரும் பொது வருவாயே அதனை நடத்தும். கொடையாளனுக்கு நன்றி சொல்கிறோம். வரி இறுத்தவனோ கணக்குக் கேட்கின்றான். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியூட்டப்பட்டபோது, இந்நகர மக்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்த பொதுச்சொத்தே அழிக்கப்பட்டது.

கணக்குக் கேட்கும் அவ்வுரிமையே அதன்பின் நலிந்தது. 1983 மே மாதத் தேர்தலையடுத்து 1998 ஜனவரி வரையும், பின்னர் 2009 ஆகஸ்ட் வரையும் யாழ்ப்பாண மக்கள் தம் மாநகரசபைக்கு வாக்களிக்க வாய்ப்புப் பெறவில்லை. 2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிவுற்றபின் அடுத்த தேர்தல் 2025 மே மாதத்திலேயே நடைபெற்றது. பிரதிநிதிகள் இல்லாதபோதும் வரி விதிக்கும் அதிகாரம் ஓயவில்லை. அதனை அதிகாரிகள் கையாண்டனர்.

சோலைவரி வெறும் நிதிமூலமன்று. நகரத்தவனைக் குடிமகனாக்கும் உறவு அது. புலம்பெயர்ந்தோரின் கொடையை நாடும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. நியாயமான மதிப்பீடும், அனைவர்க்கும் எட்டும் சேவையும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் ஒருங்கிணையாதவிடத்து வரி மீண்டும் வெறும் திறையாகவே மாறும்.