பிசினும் பொடியும்

மின்சாரத்தைச் சுமந்து செல்வது செம்பு. அது வழிதவறாது காப்பது காவலி. செம்பின் பயனைப் பலரும் அறிவர். காவலியின் அருமையோ, அது பழுதுற்று ஊர் இருளில் மூழ்கும்போதே உணரப்படுகின்றது. இன்று மின்துறையிற் பெரிதும் பயன்படும் காவலிகளுள் ஒன்று எப்பொக்சிப் பிசின். அதன் வரலாறு மின்னாலையிலன்றிப் பல்வைத்தியத்திலே தொடங்கியது.

சுவிற்சர்லாந்து இரசாயன அறிஞர் பியர் காஸ்தான், செயற்கைப் பற்களுக்கேற்ற பொருளொன்றை நாடி ஆராய்ந்தபோது இப்பிசினைக் கண்டார். 1938ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்காவிலே சில்வன் கிறீன்லி என்பவரும் தனித்து இத்துறையில் உழைத்தார். காஸ்தானிடமிருந்து உரிமை பெற்ற பேசல் நகரத்துச் சீபா நிறுவனம், 1946ஆம் ஆண்டில் ‘அரல்டைற்’ என்னும் பெயரோடு பிசினை வெளியிட்டது. உலோகங்களை ஒட்டும் பசையாகப் பேர்பெற்ற அது, விரைவில் மின்காவலியாகவும் வார்க்கப்பட்டது.

ஆயினும் தனிப்பிசினுக்குக் குறைகள் உண்டு. அது இறுகும்போது சுருங்கும், சூடேறினால் உலோகத்தினும் மிகுதியாக விரியும், அதனால் வெடிப்புண்டாகும். இதற்குப் பரிகாரமாகப் பளிங்குக்கல் மாவைக் கலந்தனர். பிசினைவிட மாவே நிறையில் மிகுந்திருத்தலும் உண்டு. சுருக்கம் குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் மாவின் மணிகளைச் சூழ்ந்த இடங்களிலே மின்விசை செறிந்தது. உள்ளே ஒரு சிறு வெற்றிடம் இருப்பினும் போதும்; அங்கே தோன்றும் மின்னிறக்கம் பிசினை அரித்து, மரம் கிளைவிடுவதுபோலக் கிளைத்து, ஈற்றிற் காவலியையே ஊடுருவிவிடும்.

1994ஆம் ஆண்டில் வேல்சு நாட்டுப் பாங்கர் நகரப் பேராசிரியர் ஜோன் லூயிஸ், நனோமீற்றர் அளவில் மின்காவற் பொருள்களை நோக்குமாறு ஓர் ஆய்வுரையில் வற்புறுத்தினார். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே நனோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே 10 நனோமீற்றர்த் துண்டுகளாக வெட்டினால், அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர மீற்றராகும்! ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க, துகளும் பிசினும் தொடும் எல்லை பெருகுகின்றது. அவ்வெல்லையே பொருளின் குணத்தை ஆளத் தொடங்குகின்றது.

இதன் உண்மை பரிசோதனையில் விளங்கிற்று. அமெரிக்காவின் நெல்சனும் இங்கிலாந்தின் பொதர்கிலும் எப்பொக்சியிலே தைத்தானிய ஒட்சைட்டுப் பொடியைக் கலந்து ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பருந்துகள் கலந்த பிசினுள் மின்னேற்றம் மிகுதியாகத் தேங்கியது. நனோத்துகள் கலந்த பிசினிலோ அத்தேக்கம் பெரிதும் தணிந்தது. பொருள் ஒன்றே, பருமன் மாறக் குணமும் மாறியது. பின்வந்த ஆய்வுகள், நூற்றுக்குச் சில பங்கு நனோத்துகளே மின்னிறக்கத்தின் அரிப்பைத் தடுக்க உதவும் எனக் காட்டின.

எனினும் ஓர் இடர் உண்டு. கூழுக்கு மாக் கரைப்போர், மா கட்டிபட்டால் கூழ் கெடும் என்பதை அறிவர். நனோத்துகள்களும் ஒன்றோடொன்று திரளும் இயல்பின. திரண்டுவிட்டால் அவை மீண்டும் பருமணிகளே. காவலுக்கு வந்தவை காவலியின் குறையாகிவிடும். இதனாலேயே துகளின் மேற்பரப்பைப் பதப்படுத்திப் பிசினோடு இணங்கச் செய்வதும், சீராகப் பரப்புவதும் ஆராய்ச்சியாளரின் பெரும்பணியாயின. எவ்வளவு கலப்பது என்பதைக் காட்டிலும், எங்ஙனம் கலப்பது என்பதிலேயே காவலியின் ஆயுள் தங்கியிருக்கின்றது.