புலப்படாக் காயமும் இழப்பீட்டு உரிமையும்: இங்கிலாந்து வரலாற்றை முன்வைத்து

முறிந்த எலும்பு நீதிமன்றத்தில் தானே சான்றாகும். தசை, தசைநார் முதலிய மென்திசுக்களின் காயத்திற்கோ பாதிக்கப்பட்டவரின் சொல்லே முதற்சான்று. இங்கிலாந்தில் இருப்புப்பாதை விபத்து வழக்குகள் இச்சிக்கலைக் கூர்மையாக்கின. வெளிக்காயமின்றித் தப்பிய பயணியருக்குப் பின்னர்த் தோன்றும் முதுகுவலி, உறக்கமின்மை போன்றவற்றைத் தண்டுவட அதிர்ச்சியின் விளைவுகளென இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866இல் விளக்கினார். ‘ரயில்வே முதுகெலும்பு’ எனப் பெயர்பெற்ற அக்கருத்து வழக்காடியோருக்குக் கைகொடுத்தது. 1883இல் ஹெர்பர்ட் பேஜ் அதனை மறுத்தார். பெரும்பாலானவற்றுக்கு அச்சமே காரணம் என்றும், இழப்பீட்டு எதிர்பார்ப்பு நோயின் போக்கையே மாற்றும் என்றும் அவர் வாதிட்டார். பேஜ் இருப்புப்பாதை நிறுவனமொன்றின் மருத்துவர் என்பதையும் சேர்த்தே அவ்வாதத்தை மதிப்பிடவேண்டும்.

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் அதே ஐயம் கழுத்துச் சுளுக்கின்மீது விழுந்தது. 2018ஆம் ஆண்டின் உரிமையியல் பொறுப்புச் சட்டம், மருத்துவ அறிக்கையின்றி இத்தகு கோரிக்கைகளுக்குத் தீர்வுகாண்பதைத் தடைசெய்தது. 2021 மே 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலையான தொகைப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டின் அப்பட்டியலில் மூன்று மாதத்திற்கு மேற்படாத காயத்திற்கு 240 பவுண்டும், 18 மாதத்திற்கு மேல் 24 மாதம்வரை நீடித்தால் 4,215 பவுண்டும் வகுக்கப்பட்டிருந்தன. வலியின் கடுமையைவிட அதன் கால அளவே தொகையைத் தீர்மானிக்கலாயிற்று. கழுத்துடன் முழங்கால் போன்ற பிற உறுப்பும் காயமுற்றால், பட்டியல் தொகையையும் வழக்கமான இழப்பீட்டையும் கூட்டி, இரட்டிப்பாகும் பகுதியை மட்டுமே கழிக்கவேண்டுமென 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.