அச்சணந்தியின் அம்மா

ஐந்நூறுக்கு 462. போன வருஷம் மே மாதம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த எண் இது. பத்தாம் வகுப்பு ரிசல்ட். நியாயமாகப் பார்த்தால் உடனே கேசரி கிண்டச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடியேன் பி.காம். படித்தவன். வரவைவிடப் பற்றுதான் முதலில் கண்ணில் படும். ‘அந்த 38 எங்கேம்மா போச்சு?’ என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். மகள் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

என் அப்பா இப்படியெல்லாம் கேட்டதில்லை. அப்போது ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும். டீக்கடையில் நாலு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ‘நம்பர் இருக்காடா?’ என்றார். இருக்கு என்றேன். ‘சரி, வா’ என்று ஒரு வடை வாங்கிக் கொடுத்தார். கதை முடிந்தது.

இந்தப் பரீட்சைப் பூதத்துக்கு வயசு ரொம்ப அதிகமில்லை. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, கூடவே மெட்ரிகுலேஷன் பரீட்சையும் வந்தது. 1911-ல் அதன் இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. உட்கார்ந்தது. 1978-ல் பிளஸ் டூ. நடுவில் எப்போதோ ‘மாநிலத்தில் முதல்’ என்ற பட்டம் சேர்ந்துகொண்டது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று லட்டு ஊட்டும் புகைப்படங்கள் நினைவிருக்கிறதா? போதும் என்று 2017-ல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. ரேங்க் போய்விட்டது, சரி. நம் மண்டையிலிருந்து அதை எடுக்க இன்னும் அரசாணை வரவில்லை.

மே மாதத்தின் இன்னொரு தலைவலி சம்மர் கேம்ப். ஆறாம் வகுப்பு முடித்த மகனை இரண்டு வாரம் எங்கேயாவது கட்டிப்போட வேண்டும். எங்கள் நாகமலை புதுக்கோட்டையிலேயே சிலம்பம், கீபோர்டு, அபாகஸ், ரோபோட்டிக்ஸ் என்று திரும்பின பக்கமெல்லாம் நோட்டீஸ்.

இந்தச் சரக்கின் பூர்வீகம் அமெரிக்கா. 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர், தன் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திக் கூட்டிப்போய்க் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம். பையன்களுக்கு ராணுவ வீரர்களைப்போலத் தரையில் படுத்துத் தூங்க ஆசை. சம்மர் கேம்பின் தொடக்கம் இதுதான் என்கிறார்கள். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் 20 பையன்களோடு முகாம் போட்டார். சாரணர் இயக்கம் பிறந்தது. அது இந்தியாவுக்கு வந்தபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. ‘எங்கள் பையன்களுக்கு நாங்களே ஆரம்பித்துக்கொள்கிறோம்’ என்று சென்னையில் தனி இயக்கம் கண்டவர் அன்னி பெசன்ட்.

ஆக, கேம்ப் என்றால் வெளியே படுத்துத் தூங்குவது. அபாகஸ் எப்போது உள்ளே புகுந்தது என்று தெரிந்தவர்கள் கார்டு போடவும்.

மகன் சேர்ந்த முகாமில் ஒருநாள் காலை சமணர் மலைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். துணைக்குச் சில பெற்றோர் வரவேண்டுமாம். என் பெயரை மனைவியே கொடுத்துவிட்டாள். ‘அப்படியே பெரியவளையும் கூட்டிட்டுப் போங்க. நாலு நாளா உங்ககிட்ட பேசல’ என்று உபகட்டளை வேறு.

சமணர் மலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். கீழக்குயில்குடியில் இறங்கினால் தாமரைக் குளம், ஆலமரங்கள், கோயில். அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம். எத்தனையோ சினிமாக்காரர்கள் வந்துபோன இடம். நானும் இருபது தடவையாவது போயிருப்பேன். காற்று வாங்கிவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கூட வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போட்டார். ‘பள்ளிக்கூடம்னா என்னடா அர்த்தம்?’

‘ஸ்கூல் சார்!’

‘பள்ளின்னா?’

கப்சிப். நானும்தான்.

பள்ளி என்றால் படுக்கை. பள்ளியறை என்கிறோமே, அது. சமணத் துறவிகள் ஊர் ஊராக நடப்பவர்கள். ஓரிடத்தில் நிலையாகத் தங்கக் கூடாது என்பது விதி. மழைக்காலம் நாலு மாதம் மட்டும் விலக்கு. நடந்தால் மண்ணில் ஊரும் உயிர்கள் மிதிபட்டுச் சாகும் என்பதால் அப்போது மட்டும் ஒரே இடத்தில் தங்குவார்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் அவர்களுக்காகக் கற்படுக்கைகள் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கிய இடம் பள்ளி. தங்கிய இடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெயர் பாடம் நடக்கும் இடத்துக்கே ஒட்டிக்கொண்டது. கன் வாத்தியார் கடற்கரையில் போட்டது கோடை முகாம் என்றால், இது மழை முகாம்!

இதே மலைத்தொடரின் முத்துப்பட்டிப் பக்கம் அப்படிப்பட்ட படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தில் அங்கே ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. நாகபேரூர். அது நாகமலையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பஸ் போர்டில் தினமும் பார்க்கும் ‘நாகமலை’ அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் உயரமாகிவிட்டது.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை. பக்கத்துப் பாறையில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக. தீர்த்தங்கரர்களும் பாகுபலியும். அவற்றின் கீழே வட்டெழுத்து. எல்லாம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. பாண்டியர் காலம். இந்த மலைக் கல்வெட்டுகளில் ராஜா, போர், வெற்றி என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் இன்னார் மாணாக்கர் இன்னார், அவர் மாணாக்கர் இன்னார் என்றே போகிறது. குணசேனதேவரின் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள். இன்னொரு இடத்தில் மாணாக்கருக்குப் பதில் ‘சட்டன்’ என்ற சொல். திண்ணைப் பள்ளியில் கோலோடு நின்ற சட்டாம்பிள்ளையின் தாத்தா! குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று இப்போதைய காரியாபட்டிப் பக்கம் ஒரு பெரிய பள்ளி இருந்திருக்கிறது. அங்கே படித்தவர்கள் இங்கே வந்து பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒரு திருமேனியைக் குயில்குடி ஊரார் பெயராலேயே செய்துவைத்திருக்கிறார்கள்.

படித்தது ஆண்கள் மட்டுமா? கழுகுமலைப் பாறையில் குரத்தியர் பெயர்கள் உண்டு. குரவர் என்றால் ஆசிரியர், குரத்தி என்றால் ஆசிரியை. வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு. கனகவீரக் குரத்தியார் என்ற ஆசிரியைக்கும் அவருடைய 500 மாணவிகளுக்கும், இன்னொரு துறவியர் கூட்டத்துக்கும் தகராறு வந்ததாகச் சொல்கிறது. ஐந்நூறு மாணவிகள். இன்றைய ஹெட்மிஸ்ட்ரஸ்களைக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும் என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சிப்பள்ளத்து வரிசையில் ஒரு திருமேனியின் கீழே ஒரே ஒரு வரி. தமிழாசிரியர் விரலை வைத்துப் படித்துக் காட்டினார். அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்பதுதான் சேதி.

யார் இந்த அச்சணந்தி? தமிழ்நாட்டில் சமணக் குன்று எது என்று கேட்டாலும் அங்கே இவர் பெயர் இருக்கும். ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம், உத்தமபாளையம், பழனிப் பக்கத்து ஐவர்மலை. தெற்கே ஏர்வாடி, வடக்கே வள்ளிமலை வரை. திருமேனி செய்துவைத்தவர் என்று பாறை பாறையாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் நடந்து போன ஊர்கள். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய ‘மாநில அளவில்’ கிடையாது.

அந்தப் பிள்ளையின் அம்மா இந்தச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு திருமேனி செய்யச் சொல்லியிருக்கிறார். மகனின் சிலையைச் செய்யவில்லை. மகன் கும்பிட்ட தீர்த்தங்கரரைச் செய்திருக்கிறார். மகன் எத்தனை மலை ஏறினான், என்ன படித்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. அச்சணந்தியின் தாயார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பெருமிதம்!

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. துறவி என்றால் வீட்டை விட்டுப் போனவன். அந்த வீட்டில் அம்மாவும் அடக்கம். ‘அம்மா, பசிக்குது’ என்று இவரிடம் அவன் திரும்பி வந்திருக்க முடியாது. ஊரெல்லாம் அவனை அடிகள் என்று கும்பிட்டிருக்கும். மகனே என்று கூப்பிடும் உரிமை இவருக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவியிருக்கும். எப்படியானாலும் நான்தான் பெற்றேன் என்று கல்லில் சொல்லிவைத்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் மழையும் வெயிலும் பட்டும் அது அழியவில்லை.

பையன்கள் குரங்குகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். என் மகன் அவர்களுக்குத் தலைவன். மகள் மட்டும் அந்த எழுத்துகள் முன்னால் உட்கார்ந்து நோட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று நான் மனதுக்குள் எப்போதோ பூர்த்திசெய்து வைத்திருந்த விண்ணப்பம் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். நாலு நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை.

‘அப்பா, அச்சணந்தியோட அம்மா பேரு இருக்கு. அப்பா பேரு ஏன் இல்ல?’

‘எழுத இடம் பத்தியிருக்காதும்மா’ என்றேன்.

மகள் தலையைத் தூக்கி மலையை மேலேயும் கீழேயும் ஒருமுறை பார்த்தாள்.

‘இவ்ளோ பெரிய மலையிலயா?’